சிறு தோட்டாவின் வரலாறு

கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர் ஒருவர் சீல்டா நிலையத்தில் புறநகர் ரயிலேறி வடக்கு நோக்கிச் சென்றால், சிறிது நேரத்திற்குள் மூன்று ஊர்களைக் கடந்துவிடுவார். முதலாவது டம்டம். அதன்பின் சில நிலையங்கள் கழித்துப் பாரக்பூர். அதற்கும் அப்பால் இரண்டாவது நிலையம் இச்சாபூர். டம்டம் என்றதும் இன்று விமான நிலையமே நினைவுக்கு வரும். மற்ற இரண்டும் அலுவலகம் செல்வோர் இறங்கி ஏறும் ஊர்களாகவே நமக்குப் பழக்கம். ஆயினும் துப்பாக்கித் தோட்டாவின் வரலாற்றை எழுதப் புகுவோர் இம்மூன்று ஊர்களையும் விட்டு எழுதுதல் அரிது. நாம் இங்கே சொல்ல எடுத்துக்கொண்டது, தோட்டாக்களுள் மிகச் சிறியதும், இன்று உலகில் மிகுதியாகச் சுடப்படுவதுமாகிய ஒன்றின் கதை. 'புள்ளி இருபத்திரண்டு' என்று வழங்கும் .22 தோட்டாவே அது. தேசிய மாணவர் படையில் பயின்ற நேயர்கள் இதனைக் கையிலெடுத்துப் பார்த்திருப்பர். நுனி முதல் அடி வரை ஓர் அங்குலமே நீளம், குறுக்களவு 5.6 மில்லிமீட்டர். அதன் முனையில் அமர்ந்த ஈயக்குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம்; நகைக்கடைக் கணக்கில் சொன்னால் ஒரு சவரனில் மூன்றில் ஒரு பங்கு.

இந்தச் சிறு பொருளில் எத்தனையோ வகை உண்டு. எந்த வகையைத் தேர்வது என்ற கேள்வி, வேட்டைக்காரரையும் இலக்குச் சுடுவோரையும் நூறாண்டுக்கு மேலாக வாதிட வைத்திருக்கிறது. வேகம் மிக்கதே சிறந்தது என்று புதியவர் ஒவ்வொருவரும் எண்ணுகிறார். வரலாறு அவருக்குச் சொல்லும் விடை வேறு.

கதை 1857இல் தொடங்குகிறது. அவ்வாண்டின் தொடக்கத்தில் டம்டம் பயிற்சி நிலையத்தில் சிப்பாய்களுக்குப் புதிய என்பீல்டு ரைபிள் கற்பிக்கப்பட்டது. அக்காலத் தோட்டா வெறும் காகிதப் பொட்டலம். மருந்தும் குண்டும் அதனுள் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். சிப்பாய் அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, குண்டை அதன்மேல் இட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். குண்டு வழுக்கிச் செல்லக் காகிதத்தில் கொழுப்புத் தடவியிருந்தது. அது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்ற பேச்சு டம்டத்தில் எழுந்து, பாரக்பூருக்குப் பரவி, மார்ச் 29ஆம் நாள் மங்கள் பாண்டே துப்பாக்கி தூக்கியதில் முடிந்தது; இல்லை, அங்கு முடியாமல் மே 10ஆம் நாள் மீரட்டில் பெருந்தீயாயிற்று. அப்பெரும் போருக்குக் காரணங்கள் பல. தோட்டா அவற்றுள் ஒன்றே. ஆயினும் கடித்துக் கிழிக்க வேண்டிய தோட்டா என்னும் பொருள் இல்லாதிருந்தால் அந்தப் பொறி அங்கே விழுந்திராது.

அதே 1857இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் ஹொரேஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்னும் இருவர், கடிக்கவும் கிழிக்கவும் கொழுப்புத் தடவி இடிக்கவும் வேண்டாத தோட்டா ஒன்றைக் கடைக்குக் கொணர்ந்தனர். செம்பாலான சிறு குப்பி. அதனுள் நான்கு கிரெய்ன் கருமருந்து. அதன் வாயில் 29 கிரெய்ன் எடையுள்ள குண்டு. தீப்பற்ற வைக்கும் மருந்தும் குப்பிக்குள்ளேயே. பின்னாளில் '.22 ஷார்ட்' என்று பெயர் பெற்ற தோட்டா இதுவே. பாரக்பூரில் எவருக்கும் இச்செய்தி தெரிந்திருக்க நியாயமில்லை. ஸ்பிரிங்பீல்டிலும் தாங்கள் செய்தது உலகத்தை மாற்றும் என்று எவரும் எண்ணியதாகத் தோன்றவில்லை. அது சட்டைப்பையில் அடங்கும் ஏழுகுண்டு ரிவால்வருக்காகச் செய்த தோட்டா. அதன் வலுவின்மையை மார்க் ட்வெய்ன் தம் பயண நூலொன்றில் கேலி செய்திருக்கிறார்.

அவ்விருவரும் இதனை வெறும் வானத்திலிருந்து வரவழைக்கவில்லை. ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்னும் பாதிரியார் ஒருவர் இருந்தார். நீர்ப்பறவை வேட்டையில் பெருவிருப்புடையவர். சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் முதலில் வெளிப்புறம் ஒரு பளிச்சிடல் தோன்றும். பறவை அதைக் கண்டு பறந்துவிடும். குண்டு பிறகே புறப்படும். இத்தொல்லையைத் தீர்க்கவே அவர், அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறையைக் கண்டு 1807இல் காப்புரிமை பெற்றார். தீபாவளிக்குப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் வைத்து வெடிக்கும் 'கேப்பு' இருக்கிறதே, அதன் தத்துவம் இதுதான். தீக்குச்சி வேண்டா, ஓர் அடி போதும். அம்மருந்தைச் சிறு செம்புத் தொப்பியில் அடைத்துப் பயன்படுத்தும் வழக்கம் விரைவில் வந்தது. நம் ஊர்ப்புறங்களில் முயலும் கவுதாரியும் வேட்டையாடியவர்கள் கையில் நெடுநாள் இருந்த நாட்டுத் துப்பாக்கி, இந்தக் கட்டத்தோடு நின்றுவிட்ட துப்பாக்கியே.

பாரிஸ் நகரத்துத் துப்பாக்கித் தொழிலர் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் 1845இல் ஒரு வேடிக்கை செய்தார். அந்தத் தொப்பியின் வாயிலேயே ஒரு சிறு ஈய உருண்டையைப் பொருத்திவிட்டார். தனியே மருந்து இல்லை. தொப்பியின் வெடிப்பே உருண்டையைத் தள்ளியது. வீட்டுக் கூடத்தில் விருந்தினர் விளையாட்டாகச் சுடுவதற்கு அது போதுமானதாயிருந்தது. மெரீனாவில் பலூன் சுட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் கூடத்தின் மகிழ்ச்சி விளங்கும். 1851இல் லண்டனில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் ஃப்ளோபேரின் துப்பாக்கிகள் வைக்கப்பட்டன. ஸ்மித்தும் வெஸ்ஸனும் செய்தது, அத்தொப்பியைச் சற்று நீட்டி, உள்ளே கருமருந்துக்கு இடம் வைத்து, அடிப்பற்று மருந்தை விளிம்புக்குள் நகர்த்தியதுதான்.

அந்த விளிம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இவ்வரலாற்றின் மற்றவை யாவும் அதிலிருந்தே கிளைக்கின்றன. குப்பியின் அடிப்பாகத்தைச் சுற்றி உட்புறம் உள்ளீடற்ற ஒரு மடிப்பு ஓடுகிறது. ஈரமான பற்றுமருந்தில் ஒரு சிறு துளியைக் குப்பிக்குள் இட்டு அதை வேகமாகச் சுழற்றுவர். மருந்து ஓரத்துக்கு விரைந்து மடிப்பினுள் நிரம்பிக்கொள்ளும். துப்பாக்கியின் ஊசி விளிம்பில் ஓரிடத்தைத் தட்டி நசுக்க, மருந்து வெடித்து உள்ளிருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். ஊசி தட்டும் இடத்தில் மருந்து பரவாதிருந்தால் தோட்டா வெடிக்காது. நசுங்க வேண்டுமாயின் உலோகம் மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய உலோகம் பேரழுத்தத்தைத் தாங்காது. நசுங்கிய விளிம்பை மறுபடி நிமிர்த்தி மருந்திட இயலாதாகையால், ஒருமுறை சுட்ட குப்பி என்றைக்கும் காலிக் குப்பியே. மலிவு, எளிமை, வலுவின்மை, ஒரே உபயோகம் ஆகிய நான்கும் அந்த ஒரு மடிப்பில் அடங்கியிருந்தன.

தொடக்கத்தில் இதை உணர்ந்தவர் குறைவு. பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860இல் .44 அளவில் பெரிய விளிம்புத் தோட்டா ஒன்றைச் செய்து, அடுத்தடுத்துச் சுடும் ரைபிளையும் அதற்காகப் படைத்தார். ஸ்பென்சர் ரைபிளும் அத்தகைய பெருந்தோட்டாவை உண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், காகிதத் தோட்டாவை வாயால் கடித்துக்கொண்டிருந்த படையின் முன் இவை எத்தகைய அச்சம் விளைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் வலுவான மருந்தை அடைக்க முயன்றபோது மெல்லிய விளிம்பு குறுக்கே நின்றது. பற்றுமருந்தை அடியின் நடுவில் தனிக் கிண்ணமாக வைத்துச் சுற்றிலும் கனத்த உலோகம் அமைக்கும் முறை 1870களில் வென்றது. பெரிய விளிம்புத் தோட்டாக்கள் ஒவ்வொன்றாய்க் கடையிலிருந்து மறைந்தன. வின்செஸ்டர் நிறுவனம் தன் விளிம்புத் தோட்டாக்களின் அடியில் ஹென்றியின் பெயரின் முதலெழுத்தைப் பொறித்து வருவதே அந்தக் காலத்தின் நினைவாக எஞ்சியது.

இடையே ஒரு துன்பக் கதையும் உண்டு. ரிவால்வரின் உருளையைப் பின்புறம் வரை துளைத்துத் தோட்டாவைப் பின்னாலிருந்து இடும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தவர் ரோலின் வைட் என்பவர். ஸ்மித்தும் வெஸ்ஸனும் அவருக்கு ரிவால்வர் ஒன்றுக்கு 25 சென்ட் கொடுத்தனர். ஆனால் அந்த உரிமையை வழக்காடிக் காக்கும் செலவை அவர் தலையிலேயே சுமத்தினர். காலக்கெடு 1869இல் முடிந்தது. அதை நீட்டிக்கக் காங்கிரஸ் சபை இசைந்தும், 1870இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் மறுத்துவிட்டார். பங்கு கிடைத்தும் பலன் கிடைக்காத இத்தகையவரைத் தொழில் வரலாறு நெடுகக் காணலாம்.

பெரியவை மறைந்த பின்னும் சிறியவை நிலைத்தன. வலுவின்மை ஒரு குறையாக இல்லாத இடங்கள் உலகில் ஏராளமாக இருந்தன: திருவிழாச் சுடுகூடங்கள், பண்ணைவீட்டுத் தோட்டங்கள், அணில் வேட்டை, பிள்ளைகளின் முதற்பயிற்சி. 1871இல் '.22 லாங்' வந்தது. அதே 29 கிரெய்ன் குண்டு, சற்று நீண்ட குப்பி, ஐந்து கிரெய்ன் மருந்து. பிறகு 40 கிரெய்ன் குண்டும் ஆறு கிரெய்ன் மருந்தும் கொண்ட 'எக்ஸ்ட்ரா லாங்'. 1887இல் மாசசூசெட்ஸின் சிக்கோப்பி ஃபால்ஸ் ஊரிலிருந்த ஜே. ஸ்டீவன்ஸ் நிறுவனம், லாங் தோட்டாவின் குப்பியில் எக்ஸ்ட்ரா லாங்கின் கனத்த குண்டை வைத்தது. 'லாங் ரைபிள்' பிறந்தது. இரண்டு பழைய பொருள்களைச் சேர்த்ததன்றிப் புதிதாக ஒன்றும் அதில் இல்லை. ஆனால் அந்தச் சேர்க்கை பொருந்திவிட்டது. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே ஏற்பட்ட அளவு, மற்றவற்றில் காணாத சீரான பறப்பைத் தந்தது. அன்று முதல் இன்று வரை உலகின் பெரும்பாலான சிறுரைபிள்களின் குழல் இந்த ஒன்றுக்காகவே துளைக்கப்படுகிறது. ஷார்ட் தோட்டாவையும் அக்குழலில் இட்டுச் சுடலாம், ஆனால் குட்டைக் குப்பியிலிருந்து புறப்பட்ட குண்டு சிறிது வெற்றிடத்தைத் தாண்டியே குழலின் திருகுவரிகளைப் பற்றுகிறது, குறி தளர்கிறது. ஷார்ட் தன்னுடைய தனிக்குழலில் பெருமையோடு வாழ்ந்தது. ஒலிம்பிக் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் 2004 வரை அதற்கு இடமிருந்தது.

இத்தனை நல்ல தோட்டாவுக்கும் ஒரு நோய் இருந்தது. பற்றுமருந்தில் சேர்ந்த பொட்டாசியம் குளோரேட்டு எரிந்தபின், சமையலுப்பின் இனத்ததான ஓர் உப்பைக் குழலில் விட்டுச்சென்றது. உப்பு ஈரத்தை இழுக்கும். கடற்கரையூரில் வீட்டு ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டா. கருமருந்து இருந்த காலத்தில் அதன் பெரும்புழுதியோடு உப்பும் கலந்து கழுவப்பட்டது. புகையில்லா மருந்து வந்தபின் உப்பு தனித்து நின்று குழலை அரித்தது. அன்றே வெந்நீரால் கழுவாத ரைபிள் சில நாளில் பாழ். 1920களின் பிற்பகுதியில் ரெமிங்டன் முதலிய நிறுவனங்கள் துருப்பிடிக்கச் செய்யாத பற்றுமருந்தைக் கொணர்ந்த பிறகே இந்நோய் தீர்ந்தது. அந்தக் காலத்துச் சிறுகுழல் ரைபிள்கள் இன்று ஏன் அரிதாகவே நல்ல நிலையில் கிடைக்கின்றன என்பதற்கு இதுவே விடை.

நோய் தீர்ந்ததும் ஆசை பிறந்தது. 1930 வாக்கில் 'அதிவேக' லாங் ரைபிள் கடைக்கு வந்தது. பழைய தோட்டாவின் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 325 மீட்டர் வேகத்தில் புறப்பட்டது. புதியது 380 மீட்டர். விளம்பரங்கள் வேகத்தையே பாடின. அது முதல், வாங்குவோர் முன் இரண்டு பெட்டிகள். எதை எடுப்பது?

இலக்கு நோக்கிச் சுடுவோர் பழைய பெட்டியையே எடுத்தனர். இன்றும் அதையே எடுக்கின்றனர். ஒலியின் வேகம், 20 பாகை வெப்பத்தில், விநாடிக்கு 343 மீட்டர். அதிவேகக் குண்டு ஒலியை முந்திப் புறப்படுகிறது; காற்று அதைப் பிடித்து இழுக்க, போகும் வழியிலேயே ஒலிவேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் குண்டின் அமைதி குலையக்கூடும். மெதுவான குண்டு தொடக்கம் முதலே கீழே இருப்பதால் அந்தத் தடுமாற்றத்தை அறியாது. இன்னும் வியப்பான செய்தி பக்கக்காற்றைப் பற்றியது. விரைவாகச் செல்வதைக் காற்று குறைவாகத் தள்ளும் என்றே நாம் எண்ணுவோம். ஆனால் காற்றின் தள்ளல், குண்டு பறந்த நேரத்தைப் பொறுத்ததன்று. காற்றுத்தடையால் அது எவ்வளவு தாமதப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஒலிவேகத்தை ஒட்டி அத்தடை செங்குத்தாக ஏறுகிறது. எனவே 100 கெஜ தூரத்தில், அதே பக்கக்காற்றில், அதிவேகக் குண்டே மெதுவான குண்டைவிடக் கூடுதலாக ஒதுங்கி விழுகிறது. புத்தகக் கணக்கை நம்பாத பலர் சுட்டுப் பார்த்து நம்பியிருக்கின்றனர்.

ஐம்பது மீட்டர் ரைபிள் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அதனைவிடச் சிறிது பெரிதாக இருக்கக்கூடும். அங்கே வேகம் கேட்பாரற்றது. ஒன்றைப்போல் மற்றொன்று இருத்தலே எல்லாம். மற்ற ரைபிள்காரர் தம் குப்பியில் தாமே மருந்தளந்து தம் குழலுக்கேற்பத் தோட்டா செய்துகொள்ளலாம். விளிம்புத் தோட்டாக்காரருக்கு அந்த வழி அடைபட்டது என்று முன்பே கண்டோம். ஆலை தந்ததிலிருந்து தேர்ந்தெடுப்பது ஒன்றே அவர் கையில் உள்ளது. ஆகவே உயர்நிலைச் சுடுநர் தம் ரைபிளை ஈலி, லாப்புவா போன்ற நிறுவனங்களின் சோதனைக் கூடத்துக்கே கொண்டுசெல்கின்றனர். அங்கே குழலை அசையாமல் பிணைத்து, ஒரே பெயருடைய தோட்டாவின் வெவ்வேறு உற்பத்தித் தொகுதிகளை ஒவ்வொன்றாகச் சுட்டு, துளைகள் எதில் நெருங்கி விழுகின்றன என்று அளக்கின்றனர். ஒரு குழல் விரும்பும் தொகுதியை அடுத்த குழல் வெறுக்கும். ஏன் என்பதற்கு முழு விடை எவரும் தந்ததாகத் தெரியவில்லை. பொருந்திய தொகுதி கிடைத்தால் ஆண்டு முழுவதற்கும் வேண்டியதை அன்றே வாங்கிவிடுவர்; பெட்டியில் அச்சிட்ட தொகுதி எண்ணே அவர்களுக்கு முக்கியம்.

சிறுவிலங்கு வேட்டையில் கேள்வியின் முகம் மாறுகிறது. அங்கே தவறினால் இழப்பது மதிப்பெண்ணன்று. ஓர் உயிர் புதரில் கிடந்து நெடுநேரம் துடிக்கும். வேட்டையை நாம் போற்றவில்லை. ஆனால் அது வாழ்க்கைத் தேவையாயிருந்த நாடுகள் உண்டு என்பதை மறத்தல் கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தாமஸ் ஆஸ்டின் என்னும் பண்ணையார் 1859இல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்து விட்ட முயல்கள் சிலவே. அவற்றின் வழித்தோன்றல்கள் கண்டம் முழுதும் பரவிப் புல்லை மொட்டையடித்தன. 1930களின் பொருளாதார மந்தத்தில், வேலையிழந்த குடும்பங்களுக்கு அந்த முயலே இறைச்சியாயிற்று. ஒரு தோட்டாவின் விலை சில காசு. ஒரு முயல் ஒரு வேளை உணவு. அத்தகைய வேட்டைக்காரர் கைக்குத் தக்கதாக இருந்தது .22 தோட்டாவே.

வேட்டைக்காரரின் விதி தூரத்தைப் பற்றியது. லாங் ரைபிள் தோட்டாவை 50 கெஜம், மிஞ்சினால் 75 கெஜம் வரையில்தான் முயலின்மீது நம்பலாம் என்பது அனுபவசாலிகள் கருத்து. அதற்கு மேல் குண்டு வளைந்து விழும் அளவு மிகுதியாவதால், தூரத்தைக் கண்ணளவில் சிறிது தவறாக மதித்தாலும் குறி பிழைத்துவிடும். முனையில் குழிவைத்த குண்டு வேட்டைக்கு ஏற்றது என்பர். அது உடலில் பட்டதும் விரிந்து, உயிரை விரைவில் முடிக்கிறது. இங்கே மறுபடி டம்டம் வருகிறது. 1890களின் இறுதியில் டம்டம் ஆயுதச்சாலையில்தான், பட்டதும் விரியும் போர்க்குண்டு ஒன்று பிரிட்டிஷ் படைக்காகச் செய்யப்பட்டது. 'டம்டம் குண்டு' என்று உலகெங்கும் பெயர் பரவி, 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்ற அறிக்கைக்கு அது காரணமாயிற்று. மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கியதே, முயலுக்குக் கருணை என்று ஏற்கப்பட்டது. இரண்டிலும் வாதம் பிழையன்று. துடிப்பின் நேரத்தைக் குறைப்பது ஒன்றின் நோக்கம், போரில் காயத்தைப் பெருக்காதிருப்பது மற்றொன்றின் நோக்கம். ஆயினும் கேட்பவர் மனம் சிறிது சங்கடப்படவே செய்யும்.

தூரம் போதவில்லை என்றவர்களுக்காக வின்செஸ்டர் நிறுவனம் 1959இல் 'மாக்னம்' விளிம்புத் தோட்டாவை வெளியிட்டது. அதே 40 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 570 மீட்டருக்கு மேல் பறந்தது. குப்பி பருத்தது; ஆகையால் லாங் ரைபிள் குழலில் அது நுழையாது; தனி ரைபிள் வாங்க வேண்டும். 2002இல் ஹார்னடி நிறுவனம் அந்த மாக்னம் குப்பியின் கழுத்தை நெரித்து, 17 கிரெய்ன் எடையே உள்ள .17 அளவுக் குண்டை அதில் வைத்தது. அது விநாடிக்கு 775 மீட்டர் வரை செல்கிறது. 150 கெஜத்தில் ஒரு சிறுவிலங்கைக் குறிவைக்கத் துணிவு தருகிறது. ஆனால் அத்துணை வேகத்தில் தாக்கிய சிறுகுண்டு தூளாய்ச் சிதறும். சமையலுக்கென வேட்டையாடியவர் கையில் எஞ்சுவது சிதைந்த இறைச்சி. பயிரழிக்கும் விலங்கை ஒழிக்க விரும்பும் பண்ணையாளருக்கு அது குறையன்று. விலையும் பல மடங்கு. எனவே முயலை உண்பவர் லாங் ரைபிளோடு நின்றுகொள்வதும், தொலைவில் நிற்கும் விலங்கைக் குறிப்பவர் .17க்குச் செல்வதும் இயல்பாயிற்று. அண்மையில் வேறொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. ஈயத்துணுக்கு பாய்ந்த உடலைத் தின்னும் கழுகுகள் நஞ்சேறி இறக்கின்றன என்பதனால், கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் ஈயக்குண்டால் வேட்டையாடுவதை அறவே விலக்கியது. ஈயமற்ற .22 குண்டுகள் எடை குறைந்தவை. பழைய குண்டின் குறித்தெளிவு அவற்றில் எளிதில் வாய்ப்பதில்லை.

இத்தோட்டா நம் நாட்டில் பயிற்சித் தோட்டாவாக வேரூன்றிய கதைக்கு வருவோம். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போரில் போயர் விவசாயிகளின் குறிவன்மை பிரிட்டனைத் திடுக்கிடச் செய்தது. நகரத்துத் தொழிலாளிக்கும் சுடக் கற்பிக்க வேண்டும் என்று சிறுகுழல் ரைபிள் சங்கங்கள் 1901 முதல் எழுந்தன. மலிவான, சிறு இடத்தில் சுடத்தக்க .22 அதற்கு ஏற்றதாயிற்று. அவ்வியக்கத்தின் பெருந்தூண் ராபர்ட்ஸ் பிரபு. இவர் 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்தவர். தென்னாட்டுச் சிப்பாய் போருக்கு ஏற்றவனல்லன் என்ற கொள்கையைப் பரப்பி, சென்னைப் படையில் தமிழர் தொகை தேயக் காரணமானவர்களுள் இவர் முதல்வர். ஆங்கிலேயத் தொழிலாளி பயின்றால் குறிவல்லவன் ஆவான் என்று நம்பியவர், அதே நம்பிக்கையை நம்மவரிடம் வைக்காதது நமக்கு உவப்பானதன்று.

நம் நாட்டில் அப்போது 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. உரிமமின்றி இந்தியர் ஆயுதம் வைத்தல் குற்றம். விடுதலைக்குப்பின் 1959இல் புதிய சட்டம் வந்தது. உரிமம் அதிலும் வேண்டும். இடையில் 1948இல் தேசிய மாணவர் படையும், 1951இல் இந்திய தேசிய ரைபிள் சங்கமும் தோன்றின. சங்கத்தை நிறுவியவர் மக்களவையின் முதல் சபாநாயகரான மாவலங்கர். மாணவர் கையில் தரப்பட்ட .22 ரைபிள்களில் பல, நாம் தொடக்கத்தில் சொன்ன இச்சாபூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. கடித்த தோட்டாவால் கலங்கிய பாரக்பூரிலிருந்து அது சில மைல் தொலைவிலேயே இருக்கிறது.

வேட்டைக்கென்று தோட்டா தேர்ந்தெடுக்கும் கேள்வி நம் நாட்டில் இன்று எழுவதில்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம், எஞ்சியிருந்த வேட்டை உரிமங்களையும் ஏறக்குறைய முடித்துவைத்தது. முயலும் கவுதாரியும் இப்போது சட்டத்தின் காவலில் உள்ளன. இலக்கு மட்டும் எஞ்சியது. அதில் பின்தங்கவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வங்காளத்து ஜாய்தீப் கர்மாகர் படுத்துச் சுடும் ஐம்பது மீட்டர் போட்டியில் நான்காமிடம் பெற்றார். பதக்கம் ஒரே இடத்தில் தவறியது. 2024 ஆகஸ்ட் முதல் நாள் பிரான்சு நாட்டில் ஷாத்தொரூ சுடுதளத்தில், மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் மூன்றுநிலைப் போட்டியில் கோல்ஹாப்பூர் மாவட்டத்து ஸ்வப்னில் குசாளே வெண்கலம் வென்றார். அப்போட்டியில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அவர் மத்திய ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றியவர் என்பதை, மும்பையிலும் புனேயிலும் வண்டியேறும் நம் நேயர்கள் மகிழ்ச்சியோடு நினைவுகூரலாம். அவர் சுட்டதும் 1887இல் சிக்கோப்பி ஃபால்ஸில் பிறந்த அதே லாங் ரைபிள், ஒலியை முந்தாத மெதுவான வகை.

மெதுவானது என்றதனால் அது விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிடலாகாது. குழலை உயர்த்திச் சுட்டால் அந்தக் குண்டு ஒரு மைலுக்கு மேல் செல்லும். நீரிலோ கல்லிலோ பட்டுத் தாவும். மாணவர் படையின் சுடுதளங்களுக்குப் பின்னே உயர்ந்த மண்மேடு இருப்பதும், ஆணை கேட்டாலன்றித் தோட்டா இடக்கூடாது என்று பயிற்றுநர் உரக்கக் கூவுவதும் இதனாலேயே. சுட்டு முடிந்ததும் மாணவர்கள் குனிந்து புல்லில் சிதறிய காலிக் குப்பிகளைப் பொறுக்குவர். கொடுத்த தோட்டாவின் கணக்கும் திரும்பிய குப்பியின் கணக்கும் ஒத்திருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், பித்தளை விளிம்பின் ஓரத்தில் ஊசி நசுக்கிய சிறு பள்ளம் தெரியும்.